சொல்லுக்கு ஒரு தட்டு

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது லோகநாயகிக்கு அது குக்கர் விசிலாகவே கேட்டது, அதற்காக அவள் மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள், யாருக்கு என்றில்லை, குக்கருக்கே என்று வைத்துக்கொள்ளலாம். பம்மலில் இரண்டாவது மாடி வீட்டு ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முருங்கைக்கீரைக் கொத்துகளைப் போட்டு, இவள் ஒரு பக்கமும் கணவனின் அக்கா வடிவு மைனி எதிர்ப்பக்கமுமாக உட்கார்ந்து உருவிக்கொண்டிருந்தார்கள். மணி பத்தரை இருக்கும். கணவன் நெல்லையப்பன் எங்கேயோ லிஃப்ட் பழுது பார்க்கப் போயிருந்தான், மகள் தர்ஷிகா பள்ளிக்கூடத்தில். கீழே தண்ணீர் லாரி பின்பக்கமாக வருகிற பீப் பீப் கேட்டது, அது லாரிதான். காக்கை கேட்டது, காக்கைதான். பக்கத்து வீட்டு மிக்ஸி, அதில் சந்தேகமே இல்லை. உலகத்தின் எல்லாச் சத்தமும் அதது அததாகவே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மனிதர் பேச்சு ஒன்றுதான் சேரவில்லை. எதிரே மைனி கீரையைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், தனக்குத்தானே, அது அவள் பழக்கம். வாய் அசைவது தெரிந்தது, குரல் நன்றாகவே காதில் விழுந்தது, மைனியின் குரல் என்பதும் தெரிந்தது, ஆனால் எங்கே ஒரு சொல் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று கைவைத்துப் பிடிக்க ஒரு விளிம்பும் இல்லாமல் அது ஒரே இழுவையாகப் போய்க்கொண்டிருந்தது. தமிழ்தான். இவளுக்குத் தெரிந்த, இவள் பிறந்ததிலிருந்து பேசிய தமிழ்தான். கொத்திலிருந்து இலையை உருவினால் காம்பு காம்பாகத் தனியே வந்துவிடுகிறது, கைக்கு இன்னும் அந்த வித்தை மறக்கவில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, அவ்வளவுதான், பச்சையெல்லாம் மடியில். காதுக்கும் இப்படி இரண்டு விரல் இருந்திருக்கிறது என்பது இரண்டு மாதத்துக்கு முன்னால்வரை யாருக்குத் தெரியும்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது முதலில் பயமே வரவில்லை, நர்ஸுகள் பேசுவது புரியவில்லை, சரி, கேரளத்துப் பிள்ளைகள் போலிருக்கிறது, மலையாளம் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் மலையாளம் பேசினாள். டீ கொண்டுவந்த ஆளும் பேசினான். அப்புறம் நெல்லையப்பன் வந்தான், மூன்று நாள் தாடியோடு, இவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து மலையாளம் பேசினான். இவர் எப்போது படித்தார் என்று யோசித்தாள் லோகநாயகி. அவன் உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கண் நனைந்திருந்தது, அப்போதுதான் பயம் வந்தது, அவன் அவளுடைய மொழியில்தான் பேசுகிறான், அவள்தான் எங்கேயோ வெளியே நிற்கிறாள். "ஏங்க, எனக்குப் புரியலைங்க," என்று கத்தினாள், கத்தினதாக அப்புறம் சொன்னார்கள், தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவது போலத்தான் இருந்தது, பேச வேண்டியதைப் பேச முடிந்தது, கேட்டுச் சரிபார்க்கத்தான் முடியவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர், ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். காது நன்றாக இருக்கிறது. மூளையில், கேட்ட சத்தத்தைச் சொற்களாகப் பிரிக்கிற இடத்தில், ரத்தக்குழாய் அடைத்ததால் அடி. மெதுவாக இடைவெளி விட்டுப் பேசினால் உதவும். காலம் ஆகும். அவர் கையெழுத்து அழகாக இருந்தது, டாக்டர் கையெழுத்து மாதிரியே இல்லை. அவள் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள், செய்திக்காக இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளைக் காகிதம் தெரிந்ததே, அதற்காக. யாரோ ஒருத்தர் முதல்முதலில் பேனாவை ஒரு நெல் அகலத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார், அவர் நல்லா இருக்கட்டும். நெல்லையப்பனின் ஊருக்குப் போன சமயம் ஒரு கோயில் மதில் கல்வெட்டைப் பார்த்தது ஞாபகம் வந்தது, அதில் எழுத்தெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே நெருக்கம், ஒரு இடைவெளி இல்லை, "இத எவன் படிப்பான்," என்று நெல்லையப்பன் சிரித்தான், இவளும் சிரித்தாள். கல்லில் கொத்தினவனுக்கு இடைவெளி எதற்கு, சொல் அவன் வாயிலேயே இருந்தது. அவனுக்கு அதை வெட்டிக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. எத்தனை பெரிய பணக்காரன் அவன்.

அவளும் அப்படி ஒரு பணக்காரியாகத்தான் பதினோரு வருஷம் இருந்தாள். அவசர ஊர்தி அழைப்பு மையத்தில் வேலை, காதில் மாட்டின கருவி, முன்னால் திரை. கூப்பிடுகிறவர் யாரும் அங்கே சொல் சொல்லாகப் பேசமாட்டார்கள். ஒரு மத்தியானம் ஒருத்தன் மூச்சே விடாமல், எம்பொண்டாட்டிக்குவலிவந்துருச்சுங்கபாலத்துக்குக்கீழநிக்கறோம் என்று கொட்டினான், இவள் விரல் அவன் முடிப்பதற்குள் தட்டி முடித்திருந்தது, பிரசவ வலி, பாலம், கீழே. பயத்தில் இருக்கிறவன் பேச்சுக்கு எலும்பு இருக்காது, நாமதான் எலும்பு வைத்துக் கேட்கணும் என்று புதிதாக வந்த பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். பெருமையாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை தப்பாக வெட்டினாள். ஒரு பெண், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அழுதுகொண்டே, ஆலமரத்துப்பட்டி என்றாள், இவள் அதை ஊர்ப் பெயராகக் கேட்காமல் ஆலமரத்துக்குப் பக்கத்தில் பட்டி, மாட்டுப்பட்டி என்று கேட்டுவிட்டாள், வண்டி ஆலமரத்தைத் தேடிக்கொண்டு வேறு ஊரில் சுற்றியது, பதினேழு நிமிஷம். அப்புறம் என்ன ஆயிற்று, அந்த மனுஷர் பிழைத்தாரா, தெரியாது, அந்த வேலையில் கதையின் முடிவு யாருக்கும் தெரிவதில்லை, அடுத்த விளக்கு எரியும், அடுத்த குரல். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதுதான் சுற்றிச் சுற்றி வந்தது, ஒரு இடத்தில் தப்பாக வெட்டினதற்கு வெட்டுகிற கத்தியையே பிடுங்கிக்கொண்டார்களோ, யார் பிடுங்கினது, அப்படியெல்லாம் யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை, தெரியும், தெரிந்தும் வந்தது. ஆலமரத்துப்பட்டி. ஆலமரத்துப் பட்டி. ஒரு மூச்சு வித்தியாசம், அதைவிடக் குறைவு. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரேவதி மேடம் ஒருநாள் கம்ப்யூட்டரில் இவள் பேச்சையே பதிந்து அலை அலையாகப் போட்டுக் காட்டினாள். இன்னிக்குப் பத்து மணிக்கு வந்தேன் என்று இவள் சொன்னது திரையில் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்து கிடந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளியைத் தேடினாள் லோகநாயகி, இல்லை. இடைவெளி ஒன்று இருந்தது, அது பத்து என்ற சொல்லுக்கு உள்ளேயே இருந்தது, நாக்கு பல்லில் அழுந்தி நிற்கிற இடத்தில். "அப்ப இத்தன நாள் நான் கேட்ட இடைவெளியெல்லாம் எங்க இருந்துச்சு மேடம்?" ரேவதி மேடம் காகிதத்தை இழுத்து ஒரே சொல்தான் எழுதினாள். உங்களிடம். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற ஆட்டோவில் முழுக்க அழுதாள், துக்கமில்லை, முப்பத்தெட்டு வருஷம் தனக்குள்ளே யாரோ உட்கார்ந்து ராப்பகலாக நறுக்கி நறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஒருநாள்கூட ஒரு வாய் நன்றி சொன்னதில்லை, இருக்கிறார்கள் என்றே தெரியாது.

மைனி கீரைக்கொத்தைத் தூக்கிப் பார்த்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். கை பெரிய கை, நகத்தில் பச்சை ஏறியிருந்தது. சண்முகவடிவு என்று பெயர், நெல்லையப்பனுக்கு மூத்தவள், விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள், அந்தப் பக்கத்துத் தமிழே கொஞ்சம் வேகம், அதிலும் வடிவு மைனி பேச்சு என்றால் நடுவில் ஊசி நுழையாது. கல்யாணமாகி வந்த புதிதில் செங்கல்பட்டுக்காரி லோகநாயகிக்கு மைனி பேசினால் பாதிதான் புரியும், அப்போது காது நன்றாக இருந்தும். எல்லாரும் லோகா என்று கூப்பிட மைனி மட்டும் நாயகி என்றே கூப்பிட்டாள். தலைப்பொங்கல் அன்று மைனி வீட்டில்தான் அது நடந்தது, நடந்தது என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, ஒரு வாக்கியம்தான். பந்தி முடிந்து, சட்டியில் கொஞ்சம் சர்க்கரைப்பொங்கல் மிச்சம், மைனி பின்கட்டிலிருந்து யாரிடமோ ஓட்டமாகச் சொன்னாள், மிச்சத்தநாய்கிட்டவை. பெண்கள் சிரித்தார்கள். இவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்தச் சட்டி கொஞ்ச நேரத்தில் இவள் முன்னால்தான் வந்தது. இவள் தொடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை, நெல்லையப்பனிடம்கூட, ஆனால் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் மைனியோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஊருக்குப் போனால் மைனி வீட்டில் தங்குவதில்லை. பிள்ளை பிறந்தபோது மைனி கொண்டுவந்த வெள்ளிக் காப்பைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. மைனி ஏதாவது உணர்ந்தாளா தெரியாது, உணர்ந்தாலும் அவள் பேச்சு நிற்கவா போகிறது, போனில் தம்பியிடம், நாயகி சொகமா இருக்காளா, நாயகி சாப்பிட்டாளா என்று ஒரே பாய்ச்சல். பிறகு இந்த அடி. நெல்லையப்பன் லீவு தீர்ந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவளுடைய அம்மா முட்டிவலியில் படி ஏற முடியாமல் நின்றபோது, தங்கச்சிக்கு மாமியார் விடாதபோது, ஒரு காலையில் கதவைத் திறந்தால் ஒரு டிராவல் பேக், ஒரு சாக்கில் தேங்காய், வடிவு மைனி. உள்ளே வந்து இவள் கன்னத்தைப் பிடித்து ஒரு நீளமான மலையாளம் பேசினாள். யார் வரக்கூடாது என்று மனசு நினைத்திருக்குமோ அவளே வந்தாள், அதுவும் ஊரிலேயே வேகமாகப் பேசுகிறவள், கடவுளே, என்று அன்றைக்கு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எல்லாரும் என்ன செய்தார்கள் என்றால் சத்தமாகப் பேசினார்கள். நெல்லையப்பன் கத்தினான், கத்தக் கத்த அது கத்தலாகத்தான் வந்தது. தர்ஷிகா எழுதித் தந்தாள், ரஃப் நோட்டைக் கிழித்து, அம்மா நாளைக்கு கிராஃப்டுக்கு சார்ட் வேணும், அம்மா எனக்கு தலை பின்னி விடு, அழகாகத்தான் எழுதினாள், ஆனால் எழுதப் பழகினபின் இவள் பக்கத்தில் வந்து பேசுவதையே விட்டுவிட்டாள், பத்து வயசுப் பிள்ளை, வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டது. அதுதான் எல்லாவற்றையும்விட பயம். பிள்ளையின் குரல் இருக்கும்போதே தன்னளவில் அது இல்லாமல் போய்விடுமோ என்று. மைனி வந்த மறுநாள், அடுக்களையில் நின்றுகொண்டு எதையோ கேட்டாள், இவள் முழித்தாள், மைனி திரும்பக் கேட்டாள், இன்னும் வேகமாக, இவள் அழப் பார்த்தாள், மைனிக்குக் கோபம், இவள்மேல் இல்லை, எதன்மேலோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்து இவள் முழங்காலில் பட்டென்று ஒரு அடி வைத்துச் சொன்னாள். உப்பு. இன்னொரு அடி. எங்க. இன்னொரு அடி. இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பத்தொன்பது நாளில் முதல்முதலாக ஒரு சொல் தனியாகக் கழன்று இவள் மடியில் விழுந்தது. உப்பு. உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, உப்பு. "உப்பா மைனி? அலமாரியில மேல் தட்டுல, நீல டப்பாவுல," என்று சொல்லிவிட்டு இவள் விம்மி விம்மி அழ, அடி பலமாக விழுந்துவிட்டதோ என்று மைனி பயந்து முழங்காலைத் தேய்த்துவிட்டாள். அதிலிருந்து மைனியின் விரல் இவள்மேல் இருந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டில், முழங்காலில், தலை வாரும்போது உச்சியில், ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு, நடுவில் ஒரு நிறுத்தம். ஐம்பத்தொரு வருஷமாக ஒரே மூச்சில் பேசின மனுஷி, வாய்க்குள் சொல்லைப் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகினாள், முதல் வாரம் பேசி முடித்தால் மைனிக்கு மூச்சு வாங்கியது, ஓடிவந்தவள் மாதிரி. தர்ஷிகாவுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளை முதல் தடவை இவள் கையைப் பிடித்துத் தட்டித் தட்டி, அம்மா. இன்னிக்கு. எனக்கு. ஸ்டார். குடுத்தாங்க, என்றபோது மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள், அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை. அப்படி ஒருநாள்தான், மைனி மோர்க் கிண்ணத்தைத் தர்ஷிகாவிடம் கொடுத்து, பழக்கத்தில் அவள் கையிலும் தட்டியே சொன்னாள். இத. நாயகி. கிட்ட. வை. லோகநாயகி அந்த நாலு சொல்லையும் மனசுக்குள் ஒட்டிப் பார்த்தாள். இதையே மைனி பழைய வேகத்தில் சொன்னால் எப்படி வரும். நாயகிகிட்ட, நாயகிட்ட, நாய்கிட்ட. சட்டி இவள் முன்னால்தானே வந்தது. பன்னிரண்டு வருஷம். அல்லது அன்றைக்கு நிஜமாகவே வாசலில் ஒரு நாய் நின்றிருக்கலாம், யார் கண்டது, பெண்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம், கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள், என்னவென்று கேட்பது, மைனி, அன்றைக்கு நீங்கள் சொன்னது நாயா, நாயகியா என்றா. ஆயிரம் பேர் பேச்சை வெட்டி வெட்டி வண்டி அனுப்பினவள் தன் வீட்டுப் பேச்சை எங்கே வெட்டினாள் பார். வெட்டின இடத்தில் ஒரு மனுஷியையும் சேர்த்து வெட்டிவிட்டாள். அந்தக் கிண்ணத்து மோரை மிச்சமில்லாமல் குடித்தாள், அது மட்டும்தான் அவளால் செய்ய முடிந்தது.

கீரை பாதிக்கு மேல் ஆகிவிட்டது. அலமாரியில் ஆபீஸ் கடிதம் இருக்கிறது, முப்பதாம் தேதிக்குள் டாக்டர் சான்றிதழோடு வந்து பார்க்கச் சொல்லி, கனிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், வேறு பிரிவில் எழுத்து வேலை இருந்தால் பார்க்கலாம் என்றுகூட. எழுத்து வேலைக்குக் கண் போதும். நேற்று தர்ஷிகா வீட்டுப்பாடத்தோடு வந்தாள், பிரித்து எழுதுக, கடலலை, பூங்கொடி, மரவேர், இவள் பார்த்த மாத்திரத்தில் கடல், அலை, பூ, கொடி, மரம், வேர் என்று போட்டுக் காட்டினாள், பிள்ளை கைதட்டியது, கண்ணால் செய்ய முடிகிற வேலையைக் காது ஏன் செய்யமாட்டேன் என்கிறது என்று அதற்கு ஆச்சரியம், இவளுக்கும்தான். இதே தர்ஷிகா ஒரு வயசில், இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, யாரும் பிரித்துக் கொடுக்காமல், யாரும் தட்டாமல், வீடு முழுக்க ஓடின பேச்சிலிருந்து தானாகவே ஒரு தா-வை உருவி எடுத்தது. தா என்று கை நீட்டியது. அப்போது எல்லாரும் சிரித்துக் கொஞ்சினார்கள், எவ்வளவு பெரிய வேலை அது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. குழந்தைக்கு ஒரு வருஷம் பிடித்தது என்றால் எனக்கும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று சாமி படத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். ஆனால் ஒரு வருஷமும் மைனி இங்கேயே இருக்க முடியுமா, அங்கே மைனியின் வீட்டுக்காரர் சங்கரலிங்க அண்ணன் தனியாக, சர்க்கரை வியாதிக்காரர், நடவு நேரம் வேறு. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறாள். நினைக்காமலும் இருக்க முடியவில்லை, அது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற விருந்தாளி மாதிரி ஒரு பக்கமாக உட்கார்ந்தே இருக்கிறது, மைனி போய்விடுவாள், மைனி போய்விடுவாள்.

போன் அடித்தது. போன் மணியாகவே கேட்டது. மைனி பச்சைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள், திரையைப் பார்த்ததும் முகம் மாறின விதத்தில் அண்ணன்தான் என்று தெரிந்தது. எழுந்து பால்கனிப் பக்கம் போகவில்லை, எதற்குப் போக வேண்டும், எதிரே இருப்பவளுக்குத்தான் புரியாதே. அங்கேயே உட்கார்ந்து, பழைய வேகத்தில், நிறுத்தமும் தட்டும் இல்லாமல், ஒன்றரை மாதமாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டு கீரையை உருவினாள். பேச்சு அதன் பாட்டுக்குப் போயிற்று. பிடிக்க முயலவில்லை, முயன்றால் தலை வலிக்கும், ரேவதி மேடமும் சொல்லியிருக்கிறாள், அதன்பாட்டில் விடுங்கள் என்று. இழுவை, இழுவை, ஒரு மேடு, ஒரு பள்ளம், மைனி கோபமாக இருக்கிறாள், இல்லை, கெஞ்சுகிறாள், நாயகி, இழுவை, இழுவை. லோகநாயகியின் விரல் நின்றது. நாயகி. யாரும் தட்டவில்லை. தன் பெயர் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது, ஓடுகிற பேச்சிலிருந்து. தற்செயலாக இருக்கும், மைனி வாய் அசைவைப் பார்த்திருப்போம், ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கீரையை. சொல்லைப் பிடித்தால் போய்விடும், பிடிக்காதே. இழுவை. காது. மறுபடி இழுவை. தெளியாம. காது தெளியாம. நான். அதற்குப் பிறகு ஒரு கொத்தாக ஏதோ, அப்புறம், பளிச்சென்று, வரமாட்டேன். நாயகிக்குக் காது தெளியாம நான் வரமாட்டேன். இவள் குனிந்த தலை நிமிரவில்லை, மடியில் இருந்த இலையெல்லாம் கலங்கித் தெரிந்தது. மைனி இன்னும் பேசினாள், அதில் பாதி போயிற்று, நீங்களே என்பது வந்தது, கஞ்சி வந்தது, வச்சு வந்தது, ஏதோ ஒரு ஆத்திரத்தில் ஒரு வசவும் வந்தது, அதுகூட எவ்வளவு நன்றாக இருந்தது, கோடு போட்டு வெட்டின மாதிரி. போன் வைக்கப்பட்டது. மைனி ஒன்றும் நடக்காதவள்போல அடுத்த கொத்தை எடுத்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு சொல் கேட்டதற்குப் பெயர் காது தெளிந்ததா என்ன, இன்னும் ஒரு மாதம், இந்த விரல் இன்னும் ஒரு மாதம் மணிக்கட்டில் இருக்கட்டும், அதற்கு மேல் ஆசைப்படவில்லை, அண்ணன் ஒரு மாதம் சமாளித்துக்கொள்ளமாட்டாரா. பேச்சைக் கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருப்பது, பன்னிரண்டு வருஷம் அதைத்தானே செய்தாள், நன்றாகவே பழகின வேலை. அந்த எண்ணம் வந்த இடத்திலேயே லோகநாயகிக்கு உடம்பு கூசியது. அவள் கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணனுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாதே மைனி," என்றாள்.

மைனி சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு இரண்டு இலை உருவினாள். பிறகு கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். போனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பெரிய கண், வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த நொடி கீரை, செய்தித்தாள், எல்லாவற்றையும் முழங்காலால் தள்ளிக்கொண்டு வந்து இவள் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கி, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு, ஒன்றரை மாதப் பேச்சு மட்டுமில்லை, பன்னிரண்டு வருஷத்துப் பேச்சும் மடை உடைத்து வந்த மாதிரி, ஒரு சொல் பிடிபடவில்லை லோகநாயகிக்கு, ஒன்றே ஒன்றுகூட இல்லை, கேட்ட நாலு சொல்லும் கனவோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் பயம் வரவில்லை. அந்தப் பெருக்கில் அப்படியே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பைய மைனி, பைய," என்று சிரித்தாள். மெதுவாக என்பதற்கு மைனியிடம் கற்ற சொல்தான். "ஒண்ணும் வெளங்கல."

மைனி சட்டென்று நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இவள் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவு பேசினவளுக்கு இப்போது சொல்ல ஒன்றுதான் இருந்தது போலிருக்கிறது. விரல் விழுந்தது.

"நான். போனா. நீ. அழுவியா?"

தலைப்பொங்கல் நாளைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் இனி பரவாயில்லை.

"அழுவேன் மைனி."

"அழுதா அழு. அழுதா என்ன, நல்லதுதான்," என்றாள் மைனி, கையை விட்டுவிட்டு, சிதறின கீரையை இரண்டு கையாலும் வாரிச் சேர்த்துக்கொண்டே. "தம்பி வந்ததும் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல்லு. அதுவரைக்கும் அந்த மனுசன் பட்டினியா கெடக்கட்டும். கீரை வதங்குது பாரு, ஏளா, உருவு."

லோகநாயகி ஒரு கொத்தை எடுத்து உருவினாள். இன்னொன்றை உருவினாள். வெள்ளிக்கிழமை என்றால் நடுவில் மூன்று நாள் இருக்கிறது, நெல்லையப்பனை வேலை முடிந்து வரும்போதே டிக்கெட் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் செய்தி அனுப்ப வேண்டும், மைனிக்கு ஜன்னல் ஓரம்தான் பிடிக்கும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு மூன்றாவது கொத்துக்குக் கை நீட்டினபோதுதான், மைனியின் இரண்டு கையும் கீரைக்குள் இருந்ததும், யாரும் தன்னைத் தட்டவில்லை என்பதும் அவளுக்கு உறைத்தது.